பிரிஸ்டல் முதல் டிவைசஸ் வரை: கார் இல்லாத பாதையில் இரண்டு நாள் சைக்கிள் பயணம் – முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் கார் தொந்தரவு இல்லாமல் நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் மூடிப்போன ரயில் பாதைகளும் சரக்குப் படகுகள் ஓய்ந்துபோன கால்வாய்களும்தான். ரயில் எஞ்சினும் சரி, குதிரை இழுத்த படகும் சரி, செங்குத்தான மேடு ஏறாது. அதனால் குன்றைக் குடைந்தும் பள்ளத்தின் மேல் பாலம் கட்டியும் பாதையைக் கூடியவரை மட்டமாகக் கொண்டுபோனார்கள். அந்த உழைப்பின் பலன் இன்று சைக்கிள்காரர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

இந்த இரண்டு வகையும் ஒரே பயணத்தில் அமையும் இடம் பிரிஸ்டல், பாத், பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன், டிவைசஸ் ஊர்களை இணைக்கும் வழி. முதல் முறையாகப் பைகளைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி தென் இங்கிலாந்தில் குறைவு. பெரிய ஏற்றம் கிடையாது, வழியில் ரயில் நிலையங்கள் இருக்கின்றன, சாப்பாட்டுக்கு ஊர்கள் இருக்கின்றன. முதல் நாள் சுமார் 42 கி.மீ., இரண்டாம் நாள் போக வர 40 கி.மீ.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கார் இல்லாத பாதையில் எல்லோரையும்விட வேகமாகப் போகிறவர் நீங்கள். சாலையில் லாரியைக் கண்டு நீங்கள் ஒதுங்குவதுபோல, இங்கே கைத்தடியோடு நடக்கும் முதியவர் உங்களைக் கண்டு ஒதுங்குகிறார். சாலையில் மணிக்கு 20 கி.மீ. போகிறவர்கூட இங்கே 12 கி.மீ. என்று கணக்குப் போட்டால்தான் நேரம் சரியாக வரும். திட்டம் தவறிப்போகிறவர்களில் பெரும்பாலோர் தவறுவது இந்தக் கணக்கில்தான்.

எப்போது, எந்தத் திசையில்

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை கால்வாய்ப் பராமரிப்பு வேலைகளுக்காகக் கரைப் பாதையை ஆங்காங்கே மூடுவார்கள். கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் தன் இணையதளத்தில் அறிவிப்பு போடும். கிளம்புவதற்கு முந்தின நாள் கட்டாயம் பாருங்கள்.

திசை மேற்கிலிருந்து கிழக்காக இருக்கட்டும். இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். கால்வாய்க் கரையில் திறந்த வயல்வெளி வரும்போது எதிர்காற்று ஒரு மேட்டைவிட அதிகமாகக் களைப்பாக்கும். டிவைசஸிலிருந்து திரும்பும்போது அந்தக் காற்றை எதிர்கொள்ள வேண்டிவரும் என்பதால், அந்தப் பாதிக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

சைக்கிளைத் தயார் செய்தல்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. டயரும் கியரும் சரியாக இருந்தால் போதும். மெல்லிய 25 மி.மீ. பந்தய டயர் தார் போட்ட ரயில் பாதையில் ஓடும், ஆனால் கால்வாய்க் கரையின் பொடிக்கல்லில் வழுக்கும், குழிகளில் ரிம் அடிபடும். 35 முதல் 42 மி.மீ. அகல டயர் போடுங்கள். பை, ஆள் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்றால், 40 மி.மீ. டயருக்குப் பின் சக்கரத்தில் 45 முதல் 50 பிஎஸ்ஐ, முன் சக்கரத்தில் 40 பிஎஸ்ஐ காற்று போதும். அதற்கு மேல் கல்லுப்போல அடித்தால் ஒவ்வொரு கல்லும் கைக்கும் முதுகுக்கும் தெரியும். குறைத்துவிட்டால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிப் பாம்பு கடித்தது மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

மட்கார்ட் இரண்டு சக்கரத்துக்கும் வேண்டும். மழை பெய்து முடிந்த மறுநாள்கூடக் கரைப் பாதையில் சேறு தெறிக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே குறைந்தது ஒரு விரல்கடை இடைவெளி இல்லையென்றால் ஈர இலையும் மண்ணும் அடைத்துச் சக்கரத்தைப் பிடிக்கும்.

சாமான்களைப் பின் கேரியரின் இரு பக்கமும் மாட்டும் பைகளில் போடுங்கள். முதுகில் பை மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் தோள் வலிக்கும். மொத்தம் 8 முதல் 10 கிலோவுக்குள் நிறுத்துங்கள். கனமானவை அடியில், இரு பக்கமும் சம எடை. பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடித்தால் பையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி மாட்டுங்கள். கேரியரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பொடிக்கல் அதிர்வில் மெல்ல மெல்லத் தளரும். ஒரு போல்ட் விழுந்தால் கேரியர் சாய்ந்து பை கம்பிகளில் சிக்கும். ஒவ்வொரு நாள் காலையும் ஆலன் கீயால் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். உதிரியாக இரண்டு போல்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே எடுத்துப்போக வேண்டியவை: டியூப் இரண்டு, ஒட்டுப் பெட்டி, டயர் கழற்றும் லீவர் மூன்று, கைப் பம்ப், மல்டி டூல், செயின் இணைப்பான் ஒன்று, பிளாஸ்டிக் கட்டு நாலைந்து, ஒரு பழைய துணி. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் வேண்டும், ஏனென்றால் சுரங்கங்கள் வருகின்றன. ஓசை தெளிவான பெல் இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். இங்கிலாந்தில் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்லை, போட்டுக்கொள்வதே நல்லது.

பலகைகளைப் படிக்கும் முறை

நீலப் பலகையில் சிறு சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எண் இருந்தால் அது தேசிய சைக்கிள் வலைப்பின்னலின் வழி. நமக்கு வேண்டியவை 4, 244, 24 ஆகிய எண்கள். எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால் நீங்கள் அந்த வழியில் இன்னும் ஏறவில்லை, அதை நோக்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். இந்த வேறுபாடு தெரியாமல் நகருக்குள் சுற்றுகிறவர்கள் நிறைய.

வயல்வெளியில் சிறிய அம்புக்குறிகளும் இருக்கும். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். அதில் சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. நீல அம்பு குதிரைப் பாதை. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அதில் சைக்கிளுக்கும் அனுமதி தந்தது, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் நீங்கள்தான் வழிவிட வேண்டும். பழைய அச்சு வரைபடத்தை நம்ப வேண்டாம். 2020-இல் இந்த வலைப்பின்னலிலிருந்து நெரிசலான சாலைப் பகுதிகள் பலவற்றை நீக்கிவிட்டார்கள். பழைய வரைபடம் உங்களை லாரி ஓடும் சாலைக்குக் கொண்டுபோய் விடக்கூடும்.

முதல் நாள்: ரயில் பாதை

லண்டன் பேடிங்டனிலிருந்து வரும் நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்குச் சில இடங்களே உண்டு. சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட்டோடு சேர்த்து இடத்தையும் பதிவு செய்துவிடுங்கள். அந்தப் பெட்டியில் சைக்கிளை முன் சக்கரத்தால் கொக்கியில் தொங்கவிட வேண்டும். பைகளைக் கழற்றாமல் தூக்க முடியாது. ரயில் வருவதற்கு முன்பே நடைமேடையில் பைகளைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு நில்லுங்கள்.

பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் நிலையத்திலிருந்து ரயில் பாதையின் தொடக்கம் இருக்கும் செயின்ட் பிலிப்ஸ் பகுதிக்கு ஒன்றரை கி.மீ. அளவு நகரத் தெருக்களில் போக வேண்டும். காலை எட்டு முதல் ஒன்பது வரை, மாலை ஐந்து முதல் ஆறு வரை வேலைக்குப் போகும் சைக்கிள்காரர்கள் இந்தப் பாதையில் அம்புபோலப் போவார்கள். ஒன்பதரை மணிக்கு மேல் கிளம்பினால் பாதை அமைதியாக இருக்கும்.

இந்த 21 கி.மீ. பாதை இங்கிலாந்தின் சைக்கிள் வரலாற்றில் முக்கியமானது. 1869-இல் திறந்த மிட்லண்ட் ரயில்வேயின் கிளைப் பாதை இது. 1966-இல் பயணிகள் ரயில் நின்றது. பின்னர் சரக்கும் நின்றது. 1977-இல் பிரிஸ்டலில் சைக்கிள்பேக் என்ற பெயரில் கூடிய தன்னார்வலர்கள் 1979 முதல் 1986 வரை தங்கள் கையாலேயே இதைப் பாதையாக மாற்றினார்கள். அந்தக் குழுதான் பிறகு சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் வளர்ந்து தேசிய வலைப்பின்னலையே உருவாக்கியது.

தொடக்கத்தில் ஸ்டேபிள் ஹில் வரை மெல்லிய ஏற்றம். கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும், கால்தான் கண்டுபிடிக்கும். ஒரு கியர் குறைத்துப் போங்கள். அரை கி.மீ. நீளச் சுரங்கத்தில் விளக்கு உண்டு, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். அதைத் தாண்டினால் மாங்கட்ஸ்ஃபீல்ட் பழைய நிலையத்தின் நடைமேடைகள் புல்லுக்கு நடுவே நிற்கும். அங்கிருந்து இறக்கம். பிட்டன் நிலையத்தில் நீராவி ரயில் இன்னும் ஓடுகிறது. முதல் தேநீருக்கு அதுவே சரியான இடம்.

பாத் நகருக்குள் நுழைந்ததும் ஆற்றங்கரைப் பாதையில் 244 என்ற எண்ணைத் தேடுங்கள். நகர மையத்துக்குள் போய்விட்டால் சுற்றுலாக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 244 உங்களை இரட்டைச் சுரங்கப் பாதைக்கு அழைத்துப்போகும். இது சாமர்செட்–டார்செட் ரயில் பாதை. 1966-இல் மூடியது, 2013 ஏப்ரலில் சைக்கிளுக்குத் திறந்தது. 50-க்கு 1 என்ற ஏற்றம். ரயிலுக்கு அது கடினம், சைக்கிளுக்குச் சீரான மிதி.

முதலில் டெவன்ஷயர் சுரங்கம், 409 மீட்டர். அடுத்தது கூம் டவுன், 1,672 மீட்டர். உள்ளே நுழையும்போது கோடையிலும் சில்லென்று இருக்கும். வியர்வையோடு போகாமல் வாசலிலேயே மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். வெயிலிலிருந்து உள்ளே போகும் முதல் சில நொடிகள் எதிரே நடப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். இரவு 11 முதல் காலை 5 வரை உள்விளக்கு அணைந்திருக்கும். சுரங்கம் ஒற்றைத் தண்டவாள அகலம்தான், காற்றுப் போக்கிக் குழிகளும் இல்லை. 1929 நவம்பரில் மெதுவாக ஊர்ந்த சரக்கு ரயிலின் ஓட்டுநரும் உதவியாளரும் இங்கே புகையில் மயங்கிப்போக, வண்டி கட்டுப்பாடின்றி பாத் வரை உருண்டு மோதியதில் மூன்று பேர் இறந்தார்கள். இன்று புகை இல்லை. அகலம் மட்டும் அதேதான். இடப்பக்கமாக, ஒற்றை வரிசையில் போங்கள்.

சுரங்கம் முடிந்து மிட்ஃபோர்ட் வந்ததும் கார் இல்லாத பாதையில் ஒரு இடைவெளி வருகிறது. இங்கிருந்து மாங்டன் கூம் வழியாக டண்டாஸ் வரை சில கி.மீ. கிராமத்துச் சந்துகள். கார் குறைவு, ஆனால் வேலி உயரம், வளைவு குருடு. ஒலியைக் கவனியுங்கள், இடப்பக்க ஓரத்தை ஒட்டாமல் ஒரு முழம் உள்ளே வாருங்கள். அப்போதுதான் எதிரே வரும் ஓட்டுநருக்குச் சீக்கிரம் தெரிவீர்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தச் சுரங்கச் சுற்றையே விட்டுவிட்டு, பாத்திலிருந்து கென்னட்–ஏவன் கால்வாய்க் கரையாகவே டண்டாஸ் போகலாம்.

டண்டாஸில் கால்வாயே ஏவன் ஆற்றைப் பாலத்தின் மேல் கடக்கிறது. ஜான் ரென்னி வடிவமைத்த, 1805-இல் முடிந்த கல் பாலம். அங்கிருந்து எட்டு கி.மீ. தூரத்தில் பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன். நடுவில் ஏவன்க்ளிஃப் என்ற இடத்தில் இன்னொரு பாலம்; அங்கே கரைப் பாதை மறுகரைக்கு மாறுகிறது. நேராகப் போனால் வழி முட்டும். பாலத்தின் அடியில் இறங்கி மறுபுறம் ஏற வேண்டும். சரிவு செங்குத்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

இரவு பிராட்ஃபோர்டில் தங்குவது வசதி. இங்கிலாந்தில் கண்ட இடத்தில் கூடாரம் போட அனுமதி கிடையாது. நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அறையைப் பதிவு செய்யும்போதே சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா என்று கேளுங்கள். கிராமத்து பப்களில் மதியச் சமையலறை இரண்டு, இரண்டரை மணிக்கு மூடிவிடும். திங்கட்கிழமை பல இடங்களில் சமையலே கிடையாது. பையில் ரொட்டி, வாழைப்பழம், வறுத்த கடலை எப்போதும் இருக்கட்டும். மது விற்கும் உரிமம் உள்ள கடையில் வாடிக்கையாளர் கேட்டால் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், தயங்காமல் கேளுங்கள்.

இரண்டாம் நாள்: கால்வாய்க் கரை

டிவைசஸ் வரை 20 கி.மீ. பாத் பக்கம் இருப்பதைவிட இந்தப் பகுதி கரடாக இருக்கும். மழைக்குப் பின் இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

நடப்பவரைப் பின்னாலிருந்து நெருங்கும்போது இருபது மீட்டர் முன்பே பெல்லை இரண்டு தரம் மெதுவாக அடியுங்கள். பக்கத்தில் வந்து அடித்தால் திடுக்கிட்டுத் தவறான பக்கம் நகர்வார்கள். கடக்கும்போது ஒரு நன்றி சொல்லுங்கள். அந்த ஊரில் அது எதிர்பார்க்கப்படும் மரியாதை. கயிறு நீளமாகக் கட்டிய நாய் என்றால் கயிறு பாதைக்குக் குறுக்கே இருக்கிறதா என்று பாருங்கள். மீன் பிடிப்பவரின் தூண்டில் பத்து மீட்டர் நீளம்கூட இருக்கும்; அவர் அதை இழுத்து வைக்கும்வரை நில்லுங்கள். மே, ஜூனில் குஞ்சுகளோடு அன்னங்கள் பாதையில் உட்கார்ந்திருக்கும். அன்னம் சீறினால் அது எச்சரிக்கை. இறங்கி, சைக்கிளை அதற்கும் உங்களுக்கும் நடுவே வைத்து நடந்து கடவுங்கள்.

பழைய பாலங்களின் அடியில் பாதை ஒடுங்கி, தாழ்ந்து, வளைந்து போகும். எதிரே வருபவர் தெரியமாட்டார். பெல் அடித்து, பிரேக்கில் விரல் வைத்து, நடை வேகத்தில் நுழையுங்கள். பக்கப் பை கல்லில் உரசினால் கைப்பிடி தண்ணீர் பக்கம் திரும்பும். தடுமாறினால் எப்போதும் வேலிப் பக்கமே சாயுங்கள். வேலியில் நெட்டில் என்ற செடி நம் ஊர்க் காஞ்சொறிபோலச் சுணைக்கும், ஆனாலும் தண்ணீரைவிட அது மேல். கால்வாய்த் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால் காயத்தை மூடி வையுங்கள், சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள்.

ஒவ்வொரு பாலத்திலும் ஒரு எண் பொறித்த தகடு இருக்கும். கடந்த பாலத்தின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டே போங்கள். விபத்து என்று 999-ஐ அழைத்தால், கென்னட்–ஏவன் கால்வாய், இன்ன எண் பாலம் என்று சொல்வது எந்த முகவரியையும்விடத் தெளிவு.

செமிங்டன், சீண்ட் தாண்டி ஃபாக்ஸ்ஹேங்கர்ஸ் வந்ததும் கேன் ஹில் தொடங்குகிறது. படகை மேட்டில் ஏற்றும் நீர்க்கதவுத் தொட்டிகள், லாக் என்பார்கள், மொத்தம் 29. மூன்று கி.மீ.-க்குள் 72 மீட்டர் உயரம். நடுவில் 16 தொட்டிகள் ஒரே நேர்கோட்டில் படிக்கட்டுபோல ஏறுகின்றன. படகுக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். சைக்கிளுக்குக் கால் மணி, இருபது நிமிடம். தொட்டியின் சுவர் செங்குத்து, ஆழம் அதிகம்; படம் எடுக்க விளிம்பில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். மேலே தேநீர்க் கடை இருக்கிறது.

டிவைசஸில் ரயில் நிலையம் இல்லை. இதை அறியாமல் வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். வந்த வழியே பிராட்ஃபோர்ட் திரும்பி ரயில் ஏறுவது எளிது. கால் ஓய்ந்துபோகாதவர்கள் 4-ஆம் எண்ணைப் பிடித்து அமைதியான கிராமச் சாலைகளில் பியூசி வரை சுமார் 20 கி.மீ. போனால், அங்கிருந்து பேடிங்டனுக்கு ரயில் உண்டு. டிவைசஸ் தாண்டியபின் கரைப் பாதை புல்லும் வேருமாக இருக்கும். பை கட்டிய சைக்கிளுக்குச் சாலையே மேல்.

முள் குத்தினால்

இந்தப் பயணத்தில் வரும் பஞ்சர்களில் அதிகம் ஹாதார்ன் வேலி முள்ளால் வருவது. பறவைகள் கூடு கட்டுவதால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேலியை வெட்டமாட்டார்கள். செப்டம்பருக்குப் பிறகு வெட்டுவார்கள். வெட்டிய துண்டுகள் பாதையில் கிடக்கும்.

பாதையை விட்டு ஒதுங்கி, பைகளைக் கழற்றி, சக்கரத்தை எடுங்கள். டயரின் ஒரு விளிம்பை மட்டும் லீவரால் தூக்கினால் போதும். டியூபை வெளியே இழுக்கும் முன், அது டயரில் எந்த இடத்தில் இருந்தது என்பதை வால்வை வைத்து அடையாளம் கொள்ளுங்கள். காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்ததும், டயரின் அதே இடத்தை வெளியே பாருங்கள். முள்ளின் தலை தேய்ந்து ரப்பரோடு சமமாக, வெறும் பழுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். உள்பக்கம் துணியைச் சுற்றி ஓட்டினால் முனையில் துணி இழுபடும். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும். முனையை உள்ளிருந்து வெளியே தள்ளி, மல்டி டூலின் கூர் முனையால் நெம்பி எடுங்கள். இதைச் செய்யாமல் புது டியூப் போட்டவர்கள் அடுத்த பாலத்துக்குள் மறுபடி காற்று இறங்கி நிற்பார்கள். ஒரு முள்ளை எடுத்ததும் நிறுத்தாமல் டயரை முழுச் சுற்று பாருங்கள்; ஹாதார்ன் தனியாக வருவது அரிது.

வழியில் புது டியூபைப் போட்டுக்கொண்டு, ஒட்டு போடும் வேலையை இரவு அறையில் வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஐந்து நிமிடம் பளபளப்பு போகும்வரை காயவிட்டு, பிறகு ஒட்டுங்கள். ஈரமாக ஒட்டினால் பத்து கி.மீ.-க்குள் உரியும். குளிரில் காய இன்னும் நேரம் பிடிக்கும்.

வீடு திரும்பியதும் சைக்கிளை அப்படியே சாத்திவைக்க வேண்டாம். கரைப் பாதையின் பொடிக்கல் ஈரத்தோடு பிரேக் கட்டைகளில் ஒட்டியிருக்கும்; ரிம்மை அரம்போலத் தேய்க்கும். வாளித் தண்ணீரால் கழுவி, கட்டைகளில் புதைந்த கல்துகளை ஊசியால் எடுத்து, செயினைத் துடைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.